மரத்துக்கு விலை வைத்த சட்டம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கில் மின்சாரத்துக்கு முதலில் பெரும்பசி எடுத்தது ஈயக் கப்பல்களுக்குத்தான். 1920களில் பத்து காஜாவிலும் அதைச் சுற்றியும் குட்டைகளில் மிதந்தபடி இரவு பகலாக மண்ணை வாரிக் கழுவிய அந்த இயந்திரங்களை விறகையும் நிலக்கரியையும் மட்டும் நம்பி ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. 1926இல் பிரிட்டிஷ் முதலீட்டில் பேராக் ஆற்று நீர்மின் நிறுவனம் தொடங்கப்பட்டதன் காரணம் இதுதான். குவாலா கங்சாருக்கு வடக்கே ஆற்றை மறித்து அது எழுப்பிய சென்டெரோ அணை 1930இல் மின்சாரம் தரத் தொடங்கியது. தீபகற்ப மலாயாவின் முதல் பெரிய நீர்மின் அணை அது. இன்றும் ஓடுகிறது. ஈப்போ, தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அணைகளைப் பற்றிச் சொல்லித்தரப்படுவதெல்லாம் இந்த வகைச் செய்திதான்: எந்த ஆண்டு, எத்தனை மெகாவாட், எத்தனை மீட்டர் உயரம். அணையின் மற்றொரு வரலாறு இழப்பீட்டுப் பேரேட்டில் இருக்கிறது. யாருக்கு எதற்காக எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைவிட, எதை இழப்பாகவே எண்ணவில்லை என்பதைத்தான் அந்தப் பேரேட்டில் தேட வேண்டும். பேராக்கின் அணைகளால் இடம்பெயர்ந்தவர்களை வறுமைக்குத் தள்ளியதில் வெள்ளத்தைவிட அந்த எண்ணும் முறைக்கே பங்கு அதிகம். ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களின் கணக்கும் அதே முறையில்தான் தீர்க்கப்பட்டது.

இதைப் பார்க்கத் தெமெங்கோர் அணை போதும். 1970களின் நடுவில், எண்ணெய் விலை உலகெங்கும் ஏறிக்கிடந்த காலத்தில், உலு பேராக்கின் காட்டுக்குள் அதன் வேலை தொடங்கியது. அணையின் உயரம் 127 மீட்டர், மின் திறன் 348 மெகாவாட். அந்தப் பத்தாண்டின் முடிவில் நிரம்பிய ஏரி ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் பரப்பை மூடியது. தீபகற்பத்தில் கென்யிருக்கு அடுத்த பெரிய ஏரி இது. 1980களில் கீழ்நோக்கி பெர்சியா, கெனெரிங் அணைகளும் வந்து சேர, பேராக் ஆறு படிப்படியாக இறங்கும் மின் ஏணியாகிவிட்டது. ஆனால் அந்த வட்டாரம் அப்போது மின்சாரத்துக்காக மட்டும் பேசப்பட்ட இடமன்று. தாய்லாந்து எல்லைக்கு அருகில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் மீண்டும் தலையெடுத்திருந்தார்கள். கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ராணுவக் காவலோடு வெட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஆகவே நீருக்காகக் காலி செய்ய வேண்டிய நிலமும் பாதுகாப்புக்காகக் காலி செய்ய வேண்டிய நிலமும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்தன. தெமெங்கோர் ஆற்றின் கிளைகளில் சிதறி வாழ்ந்த தெமியார் பூர்வகுடி மக்கள் கெமாரிலும், ஜஹாய் உள்ளிட்ட மற்றவர்கள் பானுனிலுமாக மறுகுடியமர்வுத் திட்டங்களுக்குள் கொண்டுவரப்பட்டார்கள். தெமெங்கோர் என்ற பெயரைத் தாங்கியிருந்த பழைய மலாய்க் கிராமமும் நீருக்குள் போனது.

போனது என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பேரேட்டில் அது ஒரு வரியாகத்தான் இருக்கும். தெமியார் மக்கள் மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்து மலைநெல்லும் மரவள்ளியும் பயிரிடுவார்கள். சில ஆண்டுகளில் அந்த இடத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்வார்கள். பார்ப்பவருக்கு இது நாடோடித்தனம் போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு குழுவும் நகர்வது ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் எல்லைக்குள்தான். அந்த எல்லையைச் சாக்கா என்பார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரர் கேட்காமல் உள்ளே வந்து வெட்ட முடியாது. யாரோ ஒரு பாட்டன் நட்ட டுரியான், பெத்தாய் மரங்கள் அந்தப் பரம்பரையின் அடையாளக் கல்லாக நிற்கும். பிரம்பும் அகிலும் காட்டிலிருந்து வந்து சந்தையில் காசாகும். நோய் தீர்க்கும் பாடல்கள் கனவில் வரும். ஒரு குறிப்பிட்ட குன்றோ அருவியோ மரமோ தன் பாட்டைத் தூங்குகிறவனுக்குக் கொடுக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்தப் பாடல்களை ஆராய்ந்து மரினா ரோஸ்மன் 1991இல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட மக்களைப் பல பள்ளத்தாக்குகளிலிருந்து எடுத்து ஒரே இடத்தில் வைத்தால், வீடும் கூரையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், நிலம் சுழற்சிக்குப் போதாது. வேட்டைக்குச் சுற்றுக்காடு போதாது. ஒருவர் சாக்காவில் இன்னொருவர் குடியேறிய சங்கடமும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கெல்லாம் சட்டம் என்ன விலை வைத்தது? அதன் வேர் பேராக்கிலேயே இருக்கிறது என்பது வரலாற்றின் குறும்பு. தைப்பிங் அருங்காட்சியகத்தில் இனவரைவியலராக இருந்த எச்.டி. நூன் 1930களில் சுங்கை சிப்புட்டுக்கு மேலே, தெமியார் மலைகளில் நெடுங்காலம் தங்கியவர். 1936இல் அவர்களைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டார். காட்டுக்குடிகளுக்குக் காப்பு நிலம் வேண்டும், வெளியார் சுரண்டல் தடுக்கப்பட வேண்டும் என்று அவர் விடாமல் வற்புறுத்தியதன் பயனாகவே 1939இல் பேராக் அரசு ஒரு பூர்வகுடிச் சட்டம் இயற்றியது. 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தின் நடுவே, 1954இல், மலாயா முழுமைக்கும் வந்த பூர்வகுடி மக்கள் சட்டம் அந்தத் தடத்தில் பிறந்ததுதான். நல்லெண்ணத்தில் பிறந்த அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, பூர்வகுடி மக்களுக்குத் தரப்படும் குடியிருப்பு உரிமை, அரசு விரும்பும் வரை மட்டும் தங்கும் குடித்தனக்காரனின் உரிமையைவிட மேலானதாகாது என்று சொல்கிறது. 11ஆம் பிரிவு, நிலம் வேறு காரியத்துக்குப் போகும்போது அதில் அவர்கள் உரிமை கோரும் பழ மரங்களுக்கும் ரப்பர் மரங்களுக்கும் இழப்பீடு தரச் சொல்கிறது. காப்பு நிலமே எடுக்கப்பட்டால் அரசு இழப்பீடு 'வழங்கலாம்' என்பதோடு 12ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. ஆக, மரத்துக்கு விலை உண்டு. மரம் நின்ற மண்ணுக்கும், அந்த மண்ணைச் சுற்றிய காட்டுக்கும், காட்டில் ஓடிய ஆற்றுக்கும் விலை கிடையாது. தெமெங்கோர் நீர் உயர்ந்தபோது நாட்டில் இருந்தது இந்தச் சட்டம்தான். அதை நடைமுறைப்படுத்திய அதிகாரிகளின் கருணையோ கடுமையோ இதில் இரண்டாம்பட்சம். ஒரு அதிகாரி எவ்வளவு இரக்கமுள்ளவராக இருந்தாலும், படிவத்தில் இல்லாத பத்தியை அவரால் நிரப்ப முடியாது.

இங்கேதான் தோட்டப்புறத்துத் தமிழனுக்கு இந்தக் கதை அயலார் கதையாக இல்லாமல் போகிறது. 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் கைமாறித் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, லயத்தில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு அந்த வீட்டின் மீது எந்த உரிமையும் இல்லை என்பது ஒரே நாளில் தெரிந்தது. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போயிற்று. துண்டாடலின் விளைவுகளை ஆராய அரசாங்கமே பேராசிரியர் உங்கு அஜீஸ் தலைமையில் ஓர் ஆய்வு செய்ய வைத்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும், தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியதும் வீட்டை வேலையோடு ஒட்டிவைத்த இந்த ஏற்பாட்டை உணர்ந்ததால்தான். விரட்டினால் தடுக்கக் கையில் நிலப் பட்டா வேண்டும் என்பது அவர் கண்ட வழி. பிற்பாடு, 1980இல் வந்த வேலைநீக்கப் பயன் விதிமுறைகள் ஒரு கணக்கைச் சொல்லின. 5 ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் கூலி. 30 ஆண்டு பால்மரம் வெட்டியவருக்கு ஆக 600 நாள் கூலி. இரண்டு ஆண்டுச் சம்பளம்கூட வரவில்லை. கோயில், பள்ளிக்கூடம், சுடுகாடு, வீட்டுக்குப் பின்னாலிருந்த காய்கறிப் பாத்தி, மாடு மேய்ந்த வெளி எதுவும் அந்தப் பெருக்கல் கணக்கில் வராது. நிலம் கையகப்படுத்தப்பட்டாலோ, 1960ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின்படி பணம் பட்டா வைத்திருப்பவனுக்குப் போகும். காட்டில் மரத்தை எண்ணினார்கள். தோட்டத்தில் நாளை எண்ணினார்கள்.

இந்த ஒப்பீட்டுக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. தெமியார் அந்த மண்ணின் ஆதிக்குடி. தமிழர்கள் கூலிக்காகக் கப்பலேறி வந்தவர்கள். முன்னவருடையது மரபு உரிமை, பின்னவருடையது உழைப்பின் உரிமை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது பூர்வகுடிகளின் கோரிக்கையை நீர்த்துப்போகச் செய்யும். மேலும், தோட்டம் உருவான காடும் யாரோ ஒருவருடைய சாக்காவாக இருந்திருக்கக் கூடும். அந்த நிலத்தில் கூலி வாங்கியவன் தன்னை அதே பாதிப்பாளர் வரிசையில் நிறுத்திக்கொள்வது வசதியான மறதி. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் இங்கே சமம் என்று சொல்வது உரிமைகளையல்ல, அந்த உரிமைகளைச் சட்டம் கையாண்ட விதத்தை. ஒருவர் வாழ்விடத்தோடு கொண்ட உறவு பட்டாவாகவோ கூலிச் சீட்டாகவோ மரமாகவோ எழுதப்படாவிட்டால், அது இல்லாததாகவே கொள்ளப்படும் என்ற விதி இருவர் மேலும் விழுந்தது. தோட்டத்தையும் காட்டையும் வேறுபடுத்திய பிரிட்டிஷ் நிர்வாகம் இந்த விஷயத்தில் வேறுபாடு பார்க்கவில்லை. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத் துரைமார் கொல்லப்பட்டு அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, சீனக் குடியேறிகள் புதுக்கிராமங்களுக்கும், தோட்டத் தொழிலாளர்கள் முள்வேலி போட்ட லயங்களுக்கும், பூர்வகுடிகள் தாழ்நிலத்து முகாம்களுக்கும் நகர்த்தப்பட்டார்கள். முகாம்களில் பூர்வகுடிகள் நோயாலும் மனமுறிவாலும் ஏராளமாக இறந்த பிறகுதான், அவர்களைக் காட்டுக்குள்ளேயே வைத்துக் காவல் கோட்டைகள் அமைக்கும் முறைக்கு அரசு மாறியது. கெமார் அப்படிப்பட்ட கோட்டைகளில் ஒன்று. அதாவது தெமெங்கோருக்கு முன்பே இந்த மக்கள் இடம்பெயர்த்தலில் பழக்கப்படுத்தப்பட்டிருந்தார்கள். அணை கட்டியவர்கள் புதிதாக ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

அணையின் பயனைப் பற்றிய மறுப்பு வேறு வகையானது. 1926 டிசம்பரிலும் 1967 தொடக்கத்திலும் பேராக் ஆற்று வெள்ளம் செய்த நாசத்தை அறிந்தவர்கள், மேல்நீரைத் தெமெங்கோர் பிடித்து வைப்பதைச் சாதாரணமாக எண்ண மாட்டார்கள். ஆலைகளும் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையும் தோட்டப் பள்ளிகளும் இந்த மின்கட்டமைப்பில்தான் இணைந்திருக்கின்றன. இந்தப் பயனை நான் மறுக்கவில்லை; மறுக்கத் தேவையும் இல்லை. பயன் பெரியது என்பது இழப்பீடு குறைவாக இருந்ததற்கு நியாயமாகாது. பயன் எவ்வளவு பெரிதோ அவ்வளவு தாராளமாகக் கொடுக்க முடியும் என்பதே அதிலிருந்து வரும் முடிவு. இடம்பெயர்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தானே என்ற வாதமும் இதே போலத் தன்மேலேயே திரும்பிவிழும். எண்ணிக்கை சிறியது என்றால் நியாயமாகக் கொடுப்பதற்கான செலவும் சிறியது. உலக அணைகள் ஆணையம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் பெரிய அணைகளால் 4 கோடி முதல் 8 கோடி பேர் வரை இடம்பெயர்ந்ததாக மதிப்பிட்டது. அந்தப் பெரும் எண்ணிக்கை, ஒவ்வோர் இடத்திலும் 'சில பேர்தானே' என்று சொல்லிச் சொல்லியே சேர்ந்தது.

இன்னொரு வாதம், காட்டில் இல்லாத வீடும் மருத்துவமும் பள்ளியும் மறுகுடியமர்வில் கிடைத்தன என்பது. இதுதான் மிகவும் பரவலானது, அதனால் மிகவும் ஏமாற்றக்கூடியதும். பள்ளியும் மருந்தகமும் குடிமக்கள் அனைவருக்கும் அரசு தர வேண்டியவை. ஈப்போவில் ஒருவர் வீட்டை எடுத்துக்கொண்டு, உன் பிள்ளைக்குப் பள்ளி இருக்கிறதே என்று யாரும் சொல்வதில்லை. காட்டில் மட்டும் பொதுச்சேவை இழப்பீடாக எழுதப்படுகிறது. போர்னியோவில் பாக்குன் அணைக்காக 1998 வாக்கில் ஏறத்தாழ 10,000 பேர் சுங்கை அசாப்புக்கு மாற்றப்பட்டபோது குடும்பத்துக்கு 3 ஏக்கர் என்று அளந்து கொடுத்தார்கள். நீருக்குள் போனது ஏறத்தாழ 69,000 ஹெக்டேர், சிங்கப்பூர் அளவு நிலம். அந்த 3 ஏக்கரைப் பெற்றவர்களின் பழைய நிலத்தின் எல்லையை யாரும் அளந்து பார்த்து ஒப்பிடவில்லை. ஒப்பிட்டிருந்தால் அந்த எண் பொருந்தியிருக்காது. இலங்கையில் மகாவலித் திட்டத்தின் கொத்மலை அணைக்காக வெளியேறிய கிராமத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அருகிலிருந்த தேயிலைத் தோட்ட நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். தோட்டத்தின் நிலம் யாருடையது என்று கேட்டால் கம்பெனியுடையது அல்லது அரசுடையது. அங்கே உழைத்த மலையகத் தமிழர் எந்தப் பத்தியிலும் வரமாட்டார். ஒருவருடைய மறுவாழ்வுக்கு இன்னொரு நிலமற்றவரின் வேலை ஈடாக வைக்கப்பட்ட கதை இது. பேராக்கைப் பற்றிப் பேசுகையில் நம் ஆட்களுக்கு இது மறந்துபோகக் கூடாது.

மரத்துக்கு மட்டும் விலை என்ற முறைக்கு நீதிமன்றத்தில் முதலில் விரிசல் விழுந்ததும் ஓர் அணையால்தான். ஜொகூரில் லிங்கியு ஆற்றில் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நீர் தர அணை கட்டினார்கள். அங்கே வாழ்ந்த ஜாக்குன் மக்கள் 52 பேர் அடோங் பின் குவாவ் தலைமையில் வழக்குத் தொடுத்தார்கள். கேள்விக்குரிய நிலம் 53,273 ஏக்கர். சிங்கப்பூரிடமிருந்து ஜொகூர் அரசுக்கு 32 கோடி ரிங்கிட் வந்தது. 1990களின் பிற்பாதியில் உயர் நீதிமன்றம், அந்த மக்கள் மூதாதையர் நிலத்தையும், அதில் நடமாடி வாழும் சுதந்திரத்தையும், காட்டுப் பொருளையும், தங்கள் சந்ததியின் பிழைப்பையும் இழந்தார்கள் என்று கண்டு 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதற்குப் பின் வந்த சாகோங் தாசி வழக்கில் நீதிமன்றங்கள் இன்னும் ஒரு படி போய், நெடுஞ்சாலைக்கு எடுத்த பூர்வகுடி நிலத்துக்கே உரிமை ஒப்புக்கொண்டன. வாழ்விடத்தோடுள்ள உறவை எண்ண முடியாது, ஆகவே எண்ணவில்லை என்ற பழைய சமாதானம் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். எண்ணியாயிற்று, விலையும் வைத்தாயிற்று. சரவாக்கில் பாராம் அணைக்காக எடுத்த நிலத்தின் அறிவிப்பை 2016இல் முதலமைச்சர் அடெனான் சாத்தெம் திரும்பப் பெற்றதும், அணை தவிர்க்க முடியாத இயற்கை நிகழ்வு என்ற பேச்சைத் தளரச் செய்தது.

இந்த மாற்றம் தெமெங்கோர் மக்களுக்குக் கிடைக்காமல் போனது ஒரு கால விபத்து. அவர்கள் நிலம் நீருக்குள் போய் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத்தான் நீதிமன்றம் பேசியது. அரசுக்கு எதிரான வழக்குகளுக்கு 36 மாத வரம்பு வைக்கும் 1948ஆம் ஆண்டுச் சட்டம் நீதிமன்ற வாசலில் உட்கார்ந்திருக்கிறது. உரிமை இருந்த காலத்தில் சட்டம் அதை அறியவில்லை. சட்டம் அறிந்த காலத்தில் கெடு கடந்துவிட்டது. கிரிக் அருகே தாசேக் சூனெக்ஸ் கம்பத்துத் தெமியார்கள் 2019இல் மரம் வெட்டுபவர்களைத் தடுக்கப் பாதையில் தடுப்பு போட்டபோது, அவர்கள் முன்னால் நின்ற கேள்வியும் நூனின் காலத்துக் கேள்விதான்: இந்தக் காடு யாருடையது என்று எங்கே எழுதியிருக்கிறது? கிளந்தானில் குவா மூசாங்கில் 300 மெகாவாட் நெங்கிரி அணை எழும்புகிறது. அங்கும் தெமியார்க் குடியிருப்புகள்தான் நகர்கின்றன. இந்த முறை வீடுகளும் தோட்டமும் முன்பைவிடப் பெரிதாக இருக்கலாம். நான் பார்க்க விரும்புவது வீட்டின் சதுர அடியை அல்ல, சாக்காவின் எல்லை எங்காவது பதிவானதா என்பதை.

மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பூர்வகுடி நில உரிமை பற்றி நடத்திய தேசிய விசாரணையின் அறிக்கை 2013இல் வந்தது, 18 பரிந்துரைகளோடு. அவற்றில் பலவற்றுக்குச் சட்டத் திருத்தம் வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தில் நீண்ட பேச்சும் வேண்டும். ஆனால் பூர்வகுடிகள் இப்போது வாழும் இடங்களில் இன்னும் அறிவிக்கப்படாமல் கிடக்கும் நிலத்தை அரசிதழில் காப்பு நிலமாக அறிவிக்கப் பேராக் மாநில அரசுக்கு எந்தப் புதிய சட்டமும் தேவையில்லை. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவே அந்த அதிகாரத்தைத் தருகிறது.